எஸ்தரின் வண்டிக்கு ஒரு மூச்சுக்குழல்

1

சென்ற மாதத்தோடு எனக்கு வேலை போய் ஓராண்டு நிறைந்தது. இந்த நாட்டில் எல்லாவற்றுக்கும் வாழ்த்து அட்டை உண்டு. பல் பிடுங்கிக்கொண்டவருக்குக்கூட உண்டு. வேலை போன ஆண்டு நிறைவுக்கு மட்டும் இன்னும் யாரும் அச்சடிக்கவில்லை. ஆகவே நானே எழுதிக்கொள்கிறேன்.

என் பெயர் ஏகாம்பரம். காஞ்சிபுரத்தில் இந்தப் பெயரைச் சொன்னால் யாரும் இன்னொரு முறை கேட்க மாட்டார்கள். எங்கள் தெருவிலேயே நான்கு பேர் இருந்தோம். டெக்சாஸ் அலுவலகத்தில் முதலில் ஏகா என்றார்கள், பிறகு ஏக் என்றார்கள். கடைசி நாளன்று எல்லோரும் கையெழுத்திட்டுக் கொடுத்த அட்டையில் 'அன்புள்ள பாரம்' என்று எழுதியிருந்தது. எழுதியவருக்குத் தமிழ் தெரியாது. இருந்தாலும் சரியாகத்தான் எழுதியிருந்தார்.

என் வேலை காற்றுக்கு வழி வரைவது. பெரிய கட்டடங்களில் கூரைக்கு மேலே தகரக் குழாய்கள் ஓடும். ஏசி இயந்திரத்திலிருந்து குளிர்ந்த காற்று எந்தக் குழாய் வழியாக வந்து, எந்த அறையில் இறங்கி, எப்படித் திரும்பிப் போக வேண்டும் என்பதையெல்லாம் நான் வரைவேன். எங்கள் கம்பெனியை இன்னொரு கம்பெனி வாங்கியது. அவர்களிடம் அதைத் தானாகவே வரையும் மென்பொருள் இருந்தது. அதற்குப் பெயர் வைப்பதில் யாருக்கும் சிரமம் இருக்கவில்லை.

வேலை போனவர்களுக்கு மாநில அரசு சில மாதங்களுக்கு உதவிப்பணம் தரும். அதற்கு இணையத்தில் போய்ச் சில கேள்விகளுக்கு ஆம், இல்லை என்று பதில் சொல்ல வேண்டும். 'இந்த வாரம் ஏதாவது வேலை செய்தீர்களா, ஊதியம் இல்லாத வேலை உட்பட?' என்பது ஒரு கேள்வி. இல்லை என்று அழுத்திவிட்டு சோபாவில் உட்காருவேன். எஸ்தர் பணிக்குப் போகும்போது உட்கார்ந்தால், அவள் வரும்போதும் அங்கேயே இருப்பேன். டிவியைப் போட்டு வைத்திருப்பேன், பார்க்க மாட்டேன்.

எங்கள் மகள் பிரிசில்லா சியாட்டிலில் வேலை செய்கிறாள். அவள் என்னோடு தமிழில்தான் பேசுவாள். அது அவள் எனக்குச் செய்யும் மரியாதை. ஃப்ரீயாக இருக்கிறீர்களா என்று கேட்க நினைத்து, அந்தச் சொல் ஆங்கிலமாயிற்றே என்று யோசித்து, "அப்பா, நீங்க காலியா இருக்கீங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். திருத்துவதற்கு அதில் ஒன்றும் இல்லை.

2

எஸ்தர் என் மனைவி. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்து மாகறல்காரி. எங்கள் இரண்டு குடும்பமும் தாத்தா காலம் வரை அடுத்தவர் நிலத்தில் வேலை செய்தவை. அவர்கள் சர்ச்சுக்குப் போனார்கள், நாங்கள் கோயிலுக்கு வெளியே நின்றோம். அவள் நர்சிங் படித்தாள். நான் பாலிடெக்னிக் படித்தேன். அமெரிக்காவுக்கு முதலில் வந்தது அவள்தான். அவளைச் சார்ந்தவன் என்ற விசாவில் பின்னால் வந்தவன் நான். ஊரில் இன்றைக்கும் சிலர் என்னை நர்சம்மா வீட்டுக்காரர் என்றுதான் சொல்கிறார்கள். அதில் தவறில்லை.

மூன்று ஆண்டுகளுக்கு முன் அவள் ஒரு கார் வாங்கினாள். அவள் கவனித்துக்கொண்டிருந்த நோயாளி ஒருவர் இறந்துபோனார். அவருடைய மனைவிக்கு அந்தக் காரைப் பார்க்கப் பிடிக்கவில்லை. எஸ்தருக்குப் பிடித்திருந்தது. எழுபதுகளின் தொடக்கத்தில் செய்த வண்டி. இரண்டே கதவு, எட்டு சிலிண்டர், பாசிப்பச்சை நிறம். முன்பக்கம் ஒரு கட்டில் நீளத்துக்கு இருக்கும். இங்கே இந்த மாதிரி வண்டிகளை மசில் கார் என்பார்கள். காஞ்சிபுரத்திலிருந்து என் தம்பி தாமு தொலைபேசியில், லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும் என்று கேட்டான். சொன்னேன். லைன் சரியில்லை, இன்னொரு முறை சொல்லு என்றான்.

எஸ்தர் கார் ஓட்டக் கற்றதே இங்கே வந்த பிறகுதான். ஊரில் அவள் ஷேர் ஆட்டோவில் ஓரமாகத் தொற்றிக்கொண்டு போனவள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் பச்சை வண்டியை எடுத்துக்கொண்டு தனியாக எங்கோ போய்விட்டு மாலையில் வருவாள். எங்கே போனாய் என்று நான் கேட்டதில்லை. என்னைக் கூப்பிட்டதும் இல்லை. அந்த வண்டியில் நான் ஒருமுறைகூட உட்கார்ந்ததில்லை. இவ்வளவு செலவில் ஒரு பழைய இரும்பு எதற்கு என்று வாங்கிய நாளில் கேட்டிருந்தேன். அதன் பிறகு அந்த வண்டியைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

3

ஏப்ரலில் வெயில் ஏறத் தொடங்கியது. ஒரு ஞாயிறு அவள் சீக்கிரமே திரும்பிவிட்டாள். சாவியை மேசைமேல் வைத்துவிட்டு என் எதிரே வந்து நின்றாள்.

"இன்னாங்க, வண்டிக்கு மூச்சு முட்டுது. சிக்னல்ல நின்னா திணறுது. காத்துக்கு வழி பண்றவருதான நீங்க?"

மெக்கானிக்கிடம் காட்டச் சொன்னேன். காட்டியாயிற்று, எல்லாம் சரியாக இருக்கிறது என்கிறான், சூட்டில் இந்த வண்டிகள் இப்படித்தானாம் என்றாள். பிறகு குளிக்கப் போய்விட்டாள். டிவியில் யாரோ ஒருவர் மீன் பிடித்துக்கொண்டிருந்தார். நான் எழுந்து கார் கொட்டகைக்குப் போனேன்.

பானெட்டைத் திறந்ததும் காரணம் தெரிந்துவிட்டது. எஞ்சினுக்கு மேலே வட்டமான ஒரு டப்பா. அதைச் சுற்றி வடிகட்டி. எஞ்சின் தனக்கு வேண்டிய காற்றை அங்கேயே, தன் தலைக்கு மேலேயே, தான் சூடாக்கிய காற்றிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. போர்வைக்குள் முகத்தை மூடிக்கொண்டு மூச்சு விடுவது போல. சூடான காற்று இலேசானது. அதில் எரிப்பதற்கு வேண்டிய சரக்கு குறைவு. வெளியே இருக்கும் காற்றை, அது எவ்வளவு டெக்சாஸ் காற்றாக இருந்தாலும், எஞ்சின் சூடு படாமல் கொண்டுவந்து கொடுத்தால் போதும். இதற்குக் குளிர்காற்றுக் குழாய் என்று பெயர். நாற்பது டிகிரி வெயிலில் அந்தப் பெயர் சற்று அதிகம்தான்.

பிரிசில்லாவிடம் சொன்னேன். "ஆன்லைன்ல ஆர்டர் பண்ணிடுங்கப்பா" என்றாள். பார்த்தேன். பிரபலமான வண்டிகளுக்கெல்லாம் தயாராகவே கிடைக்கிறது. ஆனால் எங்கள் வண்டியில், இறந்துபோன பழைய சொந்தக்காரர் பின்னாளில் ஒரு ஏசி கம்ப்ரசரைப் பொருத்தியிருந்தார். குழாய் போக வேண்டிய இடத்தில் அது குத்த வைத்து உட்கார்ந்திருந்தது. இடது விளக்குக்குப் பின்னால் தொடங்கி, கம்ப்ரசரைச் சுற்றி, ஒரே வளைவில் பக்கவாட்டிலும் மேலேயும் திரும்பி, பானெட்டில் இடிக்காமல் நடுவில் இறங்க வேண்டும். அப்படி ஒரு வளைவை யாரும் விற்கவில்லை.

அட்டைப் பெட்டிகளை வெட்டி ஒட்டி மாதிரி செய்தேன். இரண்டு வாரம் ஆயிற்று. உதவிப்பணக் கேள்வி திரும்ப வந்தபோது விரல் நின்றது. ஊதியம் இல்லாத வேலை உட்பட என்று கேட்கிறார்களே. அலுவலகத்துக்குத் தொலைபேசினேன். வெகுநேரம் இசை கேட்ட பிறகு ஒரு பெண்மணி வந்தார். மனைவியின் காருக்குக் குழாய் வடிவமைப்பது வேலையா என்று கேட்டேன். மனைவி பணம் தருகிறாரா என்றார். இல்லை. வேறு யாருக்காவது செய்து தருவீர்களா? இல்லை. செய்யும்போது சந்தோஷமாக இருக்கிறதா? தெரியவில்லை என்றேன். அப்படியென்றால் வேலைதான் போலிருக்கிறது, ஆனாலும் இல்லை என்றே போடுங்கள் என்றார்.

முதல் குழாய் தோல்வி. துணி உலர்த்தும் இயந்திரத்துக்குப் போடும் வளையும் அலுமினியக் குழாயை வைத்துச் செய்திருந்தேன். நிதானமாகப் போகும்வரை நன்றாக இருந்தது. எஸ்தர் நெடுஞ்சாலையில் ஏறும்போது ஆக்சிலரேட்டரை முழுதாக அழுத்தினாள். எஞ்சின் உறிஞ்சிய வேகத்தில் குழாய் உள்வாங்கி ஒட்டிக்கொண்டது. பின்னால் லாரிகள் வந்துகொண்டிருக்கும்போது வண்டி அணைந்துபோனது. இழுவை வண்டியின் முன்சீட்டில் உட்கார்ந்து வீட்டுக்கு வந்தாள். அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சாப்பிட்டீர்களா என்று மட்டும் கேட்டாள். வட்ட டப்பாவைப் பழையபடி மாட்டிக் கொடுத்துவிட்டு நான் சோபாவுக்குத் திரும்பினேன்.

4

வைகாசியில் தாமுவின் மகளுக்குக் கல்யாணம். எஸ்தருக்கு விடுப்பு கிடைக்கவில்லை. நான் மட்டும் போனேன். கிளம்பும் அன்று அவள் அட்டை மாதிரியை மடக்கி என் பெட்டியில் துணிகளுக்கு அடியில் வைத்துக்கொண்டிருந்தாள். எதற்கு என்றேன். இடம் இருக்கிறதே என்றாள்.

கல்யாண மண்டபத்தில் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: லீவு எத்தனை நாள்? நிறைய இருக்கிறது என்றேன். அமெரிக்காவில் நல்ல கம்பெனி என்று பேசிக்கொண்டார்கள்.

தாமு காஞ்சிபுரத்தை ஒட்டிய ஐயம்பேட்டையில் ஃபைபர் பட்டறை வைத்திருக்கிறான். காந்தி ரோடு பட்டுப்புடவைக் கடைகளின் கண்ணாடிக்குள் புடவை கட்டி நிற்கிற பொம்மைகளில் பாதி அவன் செய்தவை. கல்யாணக் களேபரம் அடங்கியதும் என்னை அங்கே கூட்டிக்கொண்டு போனான். வாசலில் தலை இல்லாத பெண்கள் வரிசையாக நின்று காய்ந்துகொண்டிருந்தார்கள். உள்ளே ஒரு மூட்டை நிறையக் கைகள். ஃபைபரை இறுக்கும் ரெசின் பசையின் வாடை கண்ணைக் கரித்தது. தாமு எனக்கு ஒரு ஸ்டூலைப் போட்டுவிட்டு டீ சொன்னான்.

பேச ஒன்றும் இல்லாததால் வண்டியைப் பற்றிச் சொன்னேன். நான் கையால் காற்றில் வளைத்துக் காட்டியது அவனுக்குப் புரியவில்லை. மறுநாள் அட்டை மாதிரியை எடுத்துப் போனேன். அவன் அதை அப்படியும் இப்படியும் திருப்பினான். நான் சுவரோரம் பார்த்தேன். அங்கே ஒரு மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தார். கடை வாசலில் மணப்பெண்ணோடு ஜோடியாக வைப்பதற்கான பொம்மை. வலது கால் சற்று வெளியே திரும்பி, முழங்கால் மடங்கியிருந்தது. அட்டையை வாங்கிக்கொண்டு போய் அந்தக் கால்மேல் வைத்தேன். தொடையில் அகலம், கெண்டையில் குறுகல், நடுவில் அந்த வளைவு. அளவு நாடா வைத்துப் பார்த்தேன். காற்று நுழையும் இடத்தில் அகலமாகவும் எஞ்சினை நெருங்கும்போது ஒடுக்கமாகவும் இருப்பது நல்லது. மாப்பிள்ளை அதையும் யோசித்து உட்கார்ந்தது போல இருந்தது.

"வண்டிக்குக் காலா?" என்றான் தாமு.

"முழுக் கால் வேண்டாம். தொடை பாதியிலிருந்து கணுக்காலுக்கு மேல வரைக்கும் போதும்."

அவன் தன் ஆட்களைப் பார்த்தான். அவர்கள் என்னைப் பார்த்தார்கள். பிறகு அச்சை இறக்கினார்கள்.

எஞ்சின் சூடு தாங்கும் ரெசின் சென்னையிலிருந்து வர இரண்டு நாள் ஆனது. வந்த அன்று கருட சேவை. ஊரே தெருவில் நின்றது, கடை ஒன்றும் திறக்கவில்லை. கறுப்புச் சாயம் வாங்க வேண்டும் என்று நான் சொல்லியிருந்தது நடக்கவில்லை. பட்டறையில் இருந்தது பொம்மைகளுக்குப் பூசும் கோதுமை நிறம் மட்டும்தான். அதையே கலந்தான்.

சண்டை வந்தது உள்பக்கத்தைப் பற்றி. அச்சில் கண்ணாடி நாரை ஒட்டி எடுக்கும்போது வெளியே வழவழவென்று வரும், உள்ளே சொரசொரப்பாக இருக்கும். புடவைக் கடைக்கு அதுதான் வேண்டும். பொம்மையின் உள்ளே யாரும் பார்ப்பதில்லை. எனக்கு வெளியே எப்படி இருந்தாலும் பரவாயில்லை, உள்ளே வழவழப்பாக இருக்க வேண்டும், காற்று போவது உள்ளேதான். உப்புத்தாள் வாங்கித் தண்ணீர் தொட்டு நானே தேய்க்கத் தொடங்கினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தாமுவும் மறுமுனையிலிருந்து தேய்த்தான். முட்டி எலும்பின் மேட்டையும் வெட்டி எடுக்கச் சொன்னேன். அதற்கு மட்டும் அவன் ஒத்துக்கொள்ளவில்லை. முட்டி இல்லாமல் கால் எப்படி என்றான்.

தேய்த்துக்கொண்டிருக்கும்போதே சொன்னான்.

"வேல போனது தெரியும்ண்ணா. அண்ணி சொன்னாங்க."

நான் தேய்த்தேன்.

"அங்க சும்மா குந்திக்கினு இருக்கறதுக்கு இங்கயே இருந்துடேன். பட்டறைய நாம ரெண்டு பேரும் பாத்துக்கலாம். கடைக்காரங்க கை ஆடற பொம்மை கேக்கறாங்க, தல திரும்பற பொம்மை கேக்கறாங்க. எனக்கு வரையத் தெரியாது."

அவன் என்மேல் பரிதாபப்பட்டுச் சொன்னதாகத் தெரியவில்லை. வாசலில் வெயில் இருந்தது. மின்விசிறிக் காற்றில் பொம்மைகளின் விக்குகள் அசைந்தன. அந்தப் பட்டறையில் எனக்கு ஒரு மேசை போடக்கூடிய மூலையை நான் ஏற்கெனவே பார்த்துவிட்டிருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. உப்புத்தாளை மறுபடி தண்ணீரில் நனைத்தேன். தாமு அவசரப்படுத்தவில்லை.

"வண்டி அங்க இருக்குதேடா" என்றேன்.

அவன் சரி என்றான்.

5

அந்தக் குழாயை வேட்டியில் சுற்றிக் கைப்பெட்டியில் வைத்தேன். பெரிய பெட்டியில் போட்டால் உடைந்துவிடும் என்று பயம். சென்னை விமான நிலையத்தில் பெட்டி இயந்திரத்துக்குள் போய் வெளியே வரவில்லை. திரைக்கு முன் இருந்த இளைஞர் இன்னொருவரைக் கூப்பிட்டார். அவர் வேறொருவரைக் கூப்பிட்டார். மூவரும் திரையைப் பார்த்தார்கள், பிறகு என் கால்களைப் பார்த்தார்கள்.

அதிகாரி இந்தியில் கேட்டார். என் இந்தி, அமெரிக்கா வருமுன் ஏசி மெக்கானிக்காக இருந்த காலத்தோடு நின்றுவிட்டது. காற்று, மனைவி, வண்டி ஆகிய மூன்று சொற்களும் அதில் இருந்ததால் மூன்றையும் சொன்னேன். அவர் வேட்டியைப் பிரித்தார். கோதுமை நிறத்தில் ஒரு முழங்கால். உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்த்தார். வழவழப்பாக இருக்கிறது என்று தமிழில் சொன்னார். எனக்குப் பெருமையாக இருந்தது.

டெக்சாஸில் சுங்க அதிகாரி, இது என்ன என்றார். காருக்கான காற்றுக் குழாய் என்றேன். இதற்கு முட்டி இருக்கிறதே என்றார். தம்பி விடவில்லை என்றேன். அவருக்கும் தம்பி இருந்திருக்க வேண்டும். போகச் சொல்லிவிட்டார்.

6

பொருத்த ஒரு வாரம் ஆனது. விளக்குக்குப் பின்னால் வடிகட்டிக்கு ஒரு தகரப் பெட்டி செய்து, எஞ்சின் பக்கம் ரப்பர் வைத்து அடைத்தேன். தொடை முனை அதில் போய் உட்கார்ந்தது. கெண்டை முனையை எஞ்சின்மேல் மாட்டிய புது மூடியில் சேர்த்தேன். கம்ப்ரசரைச் சுற்றி மாப்பிள்ளையின் கால் ஒரு நூல் இடைவெளியில் மடங்கிப் போயிற்று. எஸ்தர் வந்து பார்த்தாள். பெயிண்ட் அடித்துவிடலாம் என்றேன். வேண்டாம் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை சாவியை எடுத்தவள் வாசலில் நின்று, வெப்பமானியை யார் பார்ப்பது என்று கேட்டாள். குழாய்க்குள் ஒரு உணர்கருவி வைத்து அதன் ஒயரை டாஷ்போர்டு வரை இழுத்து வைத்திருந்தேன். ஆகவே நானும் ஏறினேன். சீட்டு தாழ்வாக இருந்தது. சாலை கண்ணுக்கு நேராக இருந்தது.

சிக்னலில் நின்றோம். வெளியே நாற்பது டிகிரி. குழாய்க்குள்ளே நாற்பத்து மூன்று. எஞ்சின் திணறவில்லை. நெடுஞ்சாலையில் ஏறும் சரிவில் அவள் என்னைப் பார்க்காமலேயே முழுதாக அழுத்தினாள். நான் வாயைத் திறந்தேன், சொல்ல வந்தது பின்னாலேயே நின்றுவிட்டது. முதுகு சீட்டோடு ஒட்டியது. வண்டி முக்காமல் முனகாமல் இழுத்துக்கொண்டு போயிற்று. எஸ்தரின் முகத்தை ஓரக்கண்ணால் பார்த்தேன். ஊரில் அவள் முன்பு வேலை பார்த்த மகப்பேறு வார்டில் குழந்தை முதலில் அழும்போது அவள் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அப்படித்தான் இருந்திருக்கும்.

நாங்கள் திரும்ப வேண்டிய இடம் வந்தது. அவள் திரும்பவில்லை. எங்கே என்றேன். வண்டி நன்றாகப் போகிறதே என்றாள்.

வெகுதூரம் போய் ஏதோ ஒரு சின்ன ஊரில் மீன் வறுத்துத் தரும் கடையில் நிறுத்தினோம். எதிரெதிரே உட்கார்ந்தோம். வறுவல் சுமாராக இருந்தது. தாமு என்னை அங்கேயே இருந்துவிடச் சொன்னதைச் சொன்னேன்.

எஸ்தர் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "தெரியும். நான்தான் கேக்கச் சொன்னேன்."

நான் மீனைக் கீழே வைத்தேன்.

"இத்தன மாசமா நீங்க வூட்ல இருக்கற மாதிரியே இல்ல. அங்க போனாவாவது மனுசனா இருப்பீங்கன்னு தோணுச்சு. பென்சன் வர்ற வரைக்கும் நான் இங்க ஓட்டிடலாம்னு. ஞாயித்துக்கெழம தனியா போறனே, மொதல்ல சும்மாதான் போனேன், உங்க வேல போனப்பறம் பழகிப் பாத்தேன். தனியா இருக்க முடியுதான்னு."

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது" என்றாள். "அதான் பயமா இருந்துது."

கடைக்காரப் பெண் வந்து இன்னும் ஏதாவது வேண்டுமா என்றாள். வேண்டாம் என்று இருவரும் தலையை ஆட்டினோம். நம் ஊர் ஆட்டல்தான். அவள் ஆம் என்று எடுத்துக்கொண்டு இன்னொரு தட்டு மீன் கொண்டுவந்து வைத்தாள். அதையும் சாப்பிட்டோம்.

திரும்பும்போது வழி தவறிவிட்டது. மூன்று பக்கமும் ஒரே மாதிரி வயல், ஒரே மாதிரி வேலி. இரண்டு பேரிடமும் ஃபோன் இருந்தது. இரண்டு பேருமே எடுக்கவில்லை.